மீசைக்காரர் சொன்ன ‘நை’

கேட்டுக்கு அந்தப் பக்கம் மீசைக்காரர் ஒருவர். இந்தப் பக்கம் நான். எனக்குப் பக்கத்தில் டூர் மேனேஜர் ஸ்ரீகாந்த். எங்களுக்குப் பின்னால், வெயிலில் வதங்கிப்போன பதினோராம் வகுப்புப் பிள்ளைகள், ஒரு பஸ் நிறைய.

“ஓபன்?” என்று கேட்டேன்.

“நை,” என்றார் மீசைக்காரர்.

ஹைதராபாத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இந்தச் சொல்லுக்கு அகராதி தேவையில்லை. ஆட்டோக்காரர் ‘நை’ என்றால் வரமாட்டார். கடைக்காரர் ‘நை’ என்றால் சரக்கு இல்லை. எங்கள் ஊர் உருதுவில் ‘ஹவ்’ என்றால் ஆமாம், ‘நை’ என்றால் இல்லை, ‘நக்கோ’ என்றால் வேண்டாம். இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு ஆயுளையே ஓட்டிவிடலாம். கிரேக்க நாட்டுக் காவலாளி எப்படி எங்கள் ஊர்ப் பாஷையில் பதில் சொல்கிறார் என்று அந்த வெயிலில் எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. இந்தியாவிலிருந்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

“க்ளோஸ்டா?” என்றேன், ஒரு நப்பாசையில்.

அவர் புருவத்தை உயர்த்தி, தலையை ஒருமுறை மேலே தூக்கி, நாக்கால் ‘ச்’ என்றார். தலை அசைந்தது, அதனால் ஆமாம். ‘ச்’ என்றது எங்களுக்காக வருத்தப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலம் வரை திறந்திருக்கும் என்று அவர் தலைக்கு மேலேயே பலகை தொங்குகிறது. வெயில் இன்னும் சாயவில்லை. உள்ளே ஆட்கள் நடமாடுவது கண்ணுக்குத் தெரிகிறது. அப்புறம் எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சண்டையைத் தொடங்கினேன். அவர் சிரித்த முகத்தோடு, “நை, நை, நை!” என்றார். நான் குரலை உயர்த்த உயர்த்த அவருடைய ‘நை’யும் உற்சாகமாக உயர்ந்தது. இல்லை என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்லும் மனிதர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

“டென்ஷன் நக்கோ மேடம்,” என்றார் ஸ்ரீகாந்த். “க்ளோஸ் அண்ட. சலோ, பஸ் எக்குதாம்.”

மூடிவிட்டார்களாம், பஸ் ஏறலாமாம். அந்தப் பயணம் முழுக்க அந்த மனிதர் வேறு எதையும் உருப்படியாகச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

மேடமும் ஒரு கண்டிஷனும்

நான் கணக்கு டீச்சர். பழைய கல், உடைந்த தூண் இவற்றுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கிரேக்கப் பயணத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போக வேண்டியவர் சோஷியல் மேடம். அவர் கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்பு பாத்ரூமில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு படுத்துவிட்டார். போன வருஷம் என் தம்பியின் கல்யாணப் பேச்சுக்காக நான் ஐரோப்பா போய் வந்ததில் என் பாஸ்போர்ட்டில் விசா உயிரோடு இருந்தது. பிரின்ஸ்பால் என்னைக் கூப்பிட்டதற்கு அதுதான் காரணம், என் அறிவு அல்ல.

அதே பள்ளியில், அதே பதினோராம் வகுப்பில், என் மகளும் படித்தாள். பெயர் யாழினி.

இந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆசை ஆசையாக வைத்தது. ஹைதராபாத்தில் ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை. வருகைப் பதிவில் உள்ள இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து ஒருவர் ‘யாஸ்ஹினி’ என்பார், இன்னொருவர் ‘யாஷினி’ என்பார். தோழிகள் சுருக்கி ‘யாஸ்’ ஆக்கிவிட்டார்கள். அவளே தன் பெயரை ‘யாலினி’ என்றுதான் சொல்வாள். திருத்தித் திருத்தி என் நாக்குதான் தேய்ந்தது.

நான் வருகிறேன் என்று தெரிந்த அன்று லோத்குண்டாவில் எங்கள் ஃப்ளாட்டின் வரவேற்பறையில் அவள் ஒரு மாநாடு கூட்டினாள்.

“ட்ரிப்ல நூவு மேடம். நோ அம்மா, நோ தமிழ். ஓகே?”

“ஏண்டி, பெத்தவளைப் போய் மேடம்னு கூப்புடுவியா?”

“அந்தரு நவ்வுதாரு,” என்றாள். எல்லாரும் சிரிப்பார்களாம்.

அதற்கு ஒரு முன்கதை உண்டு. ஒருமுறை பள்ளி வராந்தாவில் எல்லார் முன்னாலும் “இங்க வாடி” என்று அவளைக் கூப்பிட்டுவிட்டேன். அந்த வகுப்பில் ஒரு பயல் அதைப் பிடித்துக்கொண்டு “இங்க வாடி, இங்க வாடி” என்று அவளைச் சுற்றிச் சுற்றி ராகம் போட்டிருக்கிறான். அதிலிருந்து வீட்டிலும் அவள் தமிழில் பேசுவது நின்றுபோனது. நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். கோபம் என்றால் இங்கிலீஷ். பசி என்றால் இந்தி. ‘அம்மா’வும் ‘மம்மீ’ ஆகி, பிறகு வெறும் ‘ம்’ ஆனது.

கண்டிஷனுக்கு ஒப்புக்கொண்டேன். வேறு என்ன செய்வது? ஆனால் வலித்தது. மற்ற பிள்ளைகள் மேடம் என்றால் அது என் வேலை. இவளும் மேடம் என்றால் நான் எதற்கு?

“எல்லாம் உடைஞ்சிருக்கே மேடம்”

கிரேக்க நாட்டின் இடிபாடுகளைப் பார்க்க உலகமே வருகிறது. எங்கள் பிள்ளைகள் பார்த்த விதத்தை நான் சொல்லியாக வேண்டும்.

ஏதென்ஸில் குன்றின் மேல் அந்தப் பெரிய கோயில். மூச்சு வாங்க ஏறிப் போனால், “எல்லாம் உடைஞ்சிருக்கே மேடம், ரிப்பேர் செய்யலியா?” என்று கேட்டாள் ஒருத்தி. இன்னொருவன் நான்கு திசையும் சுற்றிப் பார்த்துவிட்டு, “கோல்கொண்டாவே பெட்டர்,” என்று தீர்ப்புச் சொல்லி, தூணுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்தான். அதற்குப் பிறகு எந்த இடத்துக்குப் போனாலும் இதே தீர்ப்புத்தான். அகலமா? கோல்கொண்டா பெட்டர். உயரமா? கோல்கொண்டா பெட்டர். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் கோட்டையை இத்தனை அன்போடு இவர்கள் நினைத்துக்கொண்டதை அங்கேதான் பார்த்தேன்.

சாப்பாடு இன்னொரு கூத்து. எல்லார் பையிலும் புளிஹோரா பேஸ்ட், கோங்கூரா ஊறுகாய், கப் நூடுல்ஸ். ஹோட்டல் காலைச் சாப்பாட்டு மேஜையில் ஆலிவ் காயைக் கண்டு நாவல்பழம் என்று நினைத்து வாயில் போட்டு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் விழித்தவர்கள் எத்தனை பேர்!

மீசைக்காரர் நின்ற எபிடாரஸுக்குத் தாமதமாகப் போனதற்கும் சாப்பாடுதான் காரணம். வழியில் இந்தியச் சாப்பாடு கிடைக்கும் என்று ஸ்ரீகாந்த் ஒரு ஊருக்குள் பஸ்ஸைத் திருப்பினார். சந்து சந்தாகச் சுற்றி, கடைசியில் கிடைத்தது ஜீரா ரைஸும் தண்ணீராய் ஓடிய ஒரு தாலும். அதற்கே பிள்ளைகள் கைதட்டினார்கள்.

எபிடாரஸ் என்பது பழைய காலத்து ஆஸ்பத்திரி ஊர் என்று ஸ்ரீகாந்த் கையில் இருந்த காகிதம் சொன்னது. நோயாளிகள் வந்து தங்குவார்களாம், மருந்தோடு மருந்தாக நாடகமும் பார்ப்பார்களாம். அதற்காகக் கட்டிய அரங்குதான் மலைச்சரிவில் கல் படிகளாக இன்னும் முழுசாக இருக்கிறது. போன இடங்களிலேயே உடையாமல் நின்ற ஒன்று. அதைப் பார்க்கும் நேரத்தில்தான் மீசைக்காரர் ‘நை’ என்றார்.

எங்கம்மாவும் ‘ஹவ்’வும்

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது.

அப்பாவுக்குக் குஷாய்குடா பக்கத்தில் பெரிய எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை. கல்யாணமான கையோடு அம்மாவைக் குடியாத்தத்திலிருந்து அழைத்து வந்தார். அம்மாவுக்கு அப்போது தமிழும் எட்டாம் வகுப்பு இங்கிலீஷும்தான் தெரியும். வந்த மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், “வாட்டர் கமிங்?” என்று கேட்டிருக்கிறார்.

அந்தப் பெண், “ஹவ்,” என்றாள்.

எப்படி என்று இங்கிலீஷில் கேட்கிறாளாக்கும் என்று அம்மா நினைத்துவிட்டார். “பைப்! பைப்!” என்று கையால் குழாயைத் திருகிக் காட்டினார். அந்தப் பெண் மறுபடியும், “ஹவ், ஹவ்,” என்றாள். தண்ணீர் எப்படி வரும் என்பதுகூடத் தெரியாத ஊருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று அன்றைக்கு அம்மா அழுதாராம். ‘ஹவ்’ என்றால் ஆமாம் என்று புரிவதற்குள் குழாயில் தண்ணீர் நின்றுபோயிருந்தது.

இந்தக் கதையைச் சொல்லி அம்மாவை நான் எத்தனை முறை கேலி செய்திருக்கிறேன்! அதுவும் நான் படித்தவள் என்ற மிதப்பில்.

ஒரு தலை குறைந்தது

பஸ்ஸுக்குத் திரும்பினோம். தலைகளை எண்ணினேன். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினேன். அப்போதும் குறைந்தது.

“யார் வரல?” என்று கேட்டேன்.

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

“மேடம், யாஸ் லேது,” என்றாள் அவளுடைய தோழி. “வாஷ்ரூம் பொயிந்தி.”

கேட்டுக்கு வெளியே இருந்த கழிப்பறைக்குப் போனாளாம். நாங்கள் மீசைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது போயிருக்க வேண்டும். ஓடிப் போய்ப் பார்த்தேன். கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. யாரும் இல்லை. அவளுடைய ஃபோனுக்கு உயிர் பஸ்ஸின் வைஃபையில்தான், வெளியே போனால் அது வெறும் கண்ணாடி. டிக்கெட்டை ஸ்ரீகாந்த் முன்னாலேயே ஆளுக்கொன்று கொடுத்துவிட்டிருந்தார். பாஸ்போர்ட் என் பையில். அந்த நாட்டில் அவளிடம் இருந்தது ஒரு டிக்கெட்டும் ஒரு தண்ணீர் பாட்டிலும்தான்.

மீசைக்காரரிடம் ஓடினேன். “ஒரு பெண். மஞ்சள் டீ-ஷர்ட். உள்ளே வந்தாளா?” என்று இங்கிலீஷில் கேட்டேன்.

“நை,” என்றார்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உள்ளே?”

“நை, நை.”

உள்ளே இல்லை. அப்படியானால் வெளியே. கார்கள் நிற்கும் இடத்தில் தேடினேன். பனியனும் பொம்மையும் விற்கும் கடையில் தேடினேன். பைன் மரங்களுக்குள் போய்ப் பார்த்தேன். காது கிழிய ஏதோ பூச்சிகள் கத்திக்கொண்டிருந்தன. ரோட்டோரம் நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். பயந்துபோனேன். ஊரில் இருக்கும் அவள் அப்பாவிடம் என்ன சொல்வேன் என்று ஒரு பக்கம் ஓடியது. கூப்பிட்டுத் தேட வேண்டும், ஆனால் தமிழில் கூப்பிடக் கூடாது என்று கண்டிஷன் இருக்கிறதே என்று இன்னொரு பக்கம் ஓடியது. புத்தி எப்படி வேலை செய்கிறது பாருங்கள்.

ஸ்ரீகாந்த் பஸ் படியிலேயே நின்றுகொண்டு, “டென்ஷன் நக்கோ மேடம், மில்ஜாதி,” என்றார். கிடைத்துவிடுவாளாம், தொலைந்த குடை மாதிரி.

திரும்பவும் கேட்டுக்கு வந்தேன். அழுகையை அடக்கிக்கொண்டு ஏதோ உளறினேன். மீசைக்காரர் என்னை ஒரு கணம் பார்த்தார். “நை, மேடம், நை!” என்று சொல்லிக்கொண்டே கம்பியைத் தள்ளி எனக்கு வழிவிட்டார். இல்லை என்று சொல்லிக்கொண்டே உள்ளே விடுகிறாரே, பாவம், தேடிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று மனசு இளகிவிட்டது போல என்று நினைத்தேன். நன்றிகூடச் சொல்லாமல் ஓடினேன்.

நடுக்கல்

மேட்டில் ஏறினால் சட்டென்று அரங்கு. விசிறியை விரித்து வைத்தது போலக் கல் படிகள் மேலே மேலே போகின்றன. கீழே வட்டமான மண் தரை. அதன் நடுவில் தேய்ந்துபோன ஒரு வட்டக் கல். மேல் படிகளில் புள்ளி புள்ளியாக ஆட்கள். எல்லாரும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரே மாதிரி இருந்தார்கள். மஞ்சள் சட்டை ஒன்றா, நாலைந்து!

என்னால் அதற்கு மேல் ஒரு அடி நடக்க முடியவில்லை. அந்த நடுக்கல்லின் மேல் நின்று மூச்சு வாங்கினேன்.

எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்தால் மட்டும் வாயில் அம்மாவின் குடியாத்தத்துத் தமிழ் வந்துவிடும். அது சத்தமாகக்கூட இல்லை. எனக்கு நானே முணுமுணுத்துக்கொண்டேன்.

“எங்கடி கீற? எங்க போய்த் தொலைஞ்ச? பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா இன்னா கொறஞ்சா பூடும் உனக்கு? மேடமாம் மேடம்! ராத்திரியெல்லாம் தூக்கி வச்சுக்கினு நடந்தவ மேடமா?”

மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

“சரிடி. மேடம்னே கூப்புடு. எப்படி வேணா கூப்புடு. கூப்புடாமலே இரு. வந்து நின்னா போதுண்டி, யாழினி...”

“அம்மா!”

மேலே, கடைசி வரிசைக்குப் பக்கத்திலிருந்து.

“அம்மா! எல்லாம் கேக்குது! மெல்லகா பேசு!”

தூக்கிவாரிப் போட்டது. மஞ்சள் டீ-ஷர்ட் ஒன்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு எழுந்து நின்றது. அவளைச் சுற்றியிருந்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டியம்மாள் கைக்குட்டையால் கண்ணைத் தொட்டுக்கொண்டதை நானே பார்த்தேன். புரிந்திருக்க வாய்ப்பே இல்லை. நாடகம் என்று நினைத்தாரோ என்னவோ.

கோல்கொண்டாவில் வாசல் வளைவின் கீழ் கைதட்டினால் குன்றின் உச்சியில் கேட்கும். ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளை அழைத்துப்போய்த் தட்டிக் காட்டியிருக்கிறேன். அதே வித்தைதான் இங்கேயும். அந்த நடுக்கல்லில் நின்று மூச்சு விட்டாலும் மேல் படி வரை போகுமாம். ஸ்ரீகாந்தின் காகிதத்தில் அது எழுதியிருந்தது, அவர் அதுவரை வாசித்திருக்கவில்லை.

அவர் அப்போதுதான் மேட்டில் ஏறி வந்தார், பின்னாலேயே மொத்த வகுப்பும்.

“மேடம்! இக்கட நை அண்டே அவுனு அண்ட! டிரைவர் செப்பாடு!”

இங்கே ‘நை’ என்றால் ஆமாம் என்று அர்த்தமாம். பஸ் டிரைவர் சொன்னாராம். தலையை மேலே தூக்கி ‘ச்’ கொட்டினால்தான் இல்லையாம். திறந்திருக்கிறதா என்றால் ஆமாம். மூடிவிட்டதா என்றால் இல்லை. மகள் உள்ளே வந்தாளா என்றால் ஆமாம், ஆமாம். அந்த மனிதர் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறார். அவர் உண்மையில் சொன்னது ‘நை’யா ‘நே’யா என்று இப்போது கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன். எங்கள் ஊரில் வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றுதான். அம்மா மட்டும் அங்கே இருந்திருந்தால் “பைப், பைப்” என்று கையைத் திருகிக் காட்டியிருப்பார்.

யாழினி படிகளில் தாவித் தாவி இறங்கி வந்தாள். ஹோட்டலில் ரொட்டி பரிமாறிய பெண்ணிடமே அவளுக்கு இந்தச் சொல் புரிந்துவிட்டதாம். கழிப்பறையிலிருந்து வந்தவள், எங்களைக் காணோமே என்று மீசைக்காரரிடம் “ஓபன்?” என்று கேட்டிருக்கிறாள். அவர் ‘நை’ என்றதும், நாங்கள் உள்ளே போய்விட்டோம் என்று டிக்கெட்டைக் காட்டி ஓடி வந்திருக்கிறாள். மேலே ஏறினால் எங்களைப் பார்க்க முடியும் என்று உட்கார்ந்திருந்தாளாம்.

“தெரிஞ்சா சொல்லக் கூடாதாடி?”

“நூவே மாட்லாடொத்து அன்னாவு,” என்று முகத்தைத் திருப்பினாள். பேசாதே என்று நான் சொன்னேனாம். கண்டிஷன் போட்டவள் அவள். பழி என் மேல்!

அதற்குள் எங்கள் வகுப்பு நடுக்கல்லைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொருவராக ஏறி நின்று கைதட்டினார்கள். “இங்க வாடி” ராகம் போட்ட அந்தப் பயல் மார்பில் கை வைத்து, “அம்மா! மெல்லகா பேஷு!” என்று முழங்கினான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பயந்துபோய் யாழினியின் முகத்தைப் பார்த்தேன்.

அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். “ரே, சரிகா செப்புரா,” என்று அவனை அதட்டி, ‘பேசு’வை அவனுக்குத் திருத்திச் சொல்லிக்கொடுத்தாள்.

வெளியே வரும்போது மீசைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். “நை, நை,” என்றார் பெருந்தன்மையாக.

இன்னொரு ‘நை’

ஊர் திரும்பிய பிறகு முதல் கணக்கு வகுப்பு. பலகையில் ஒரு கணக்கை நீட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது.

“அம்மா, அந்த மைனஸ் எப்படி வந்துச்சு?”

தமிழில். நாற்பது காதுகள் கேட்க. எங்கிருந்தோ ஒரு குரல், “மெல்லகா பேசு!” என்றது, வகுப்பே இரண்டுபட்டது. பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். என் மானம் கப்பலேறியது.

“வகுப்புல மேடம்னு கூப்பிடணும்,” என்றேன், முடிந்தவரை கடுமையாக. “புரிஞ்சுதா?”

யாழினி தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள்.

“நை,” என்றாள்.

எந்த ஊர் ‘நை’ என்று நான் கேட்கவில்லை.